ஃபோர்க்ளோஷருக்கு முன்னால் வீட்டுக் கடனைத் திருத்திக்கொள்ளுதல்: அமெரிக்காவில் சட்ட உதவி பெறும் வழி

அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை தவறிய குடும்பங்கள் பெரும்பாலும், ஃபோர்க்ளோஷர் எனப்படும் கடனுக்காக வீட்டை எடுத்து ஏலம் விடும் நடவடிக்கையில், ஏலத் தேதி குறித்த அறிவிப்பு கைக்கு வந்த பிறகுதான் வழக்கறிஞரைத் தேடத் தொடங்குகின்றன. அதற்குள் கடன் வாங்கியவருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. வட்டி, காலம் போன்ற கடன் நிபந்தனைகளை மாற்றியமைக்கும், லோன் மாடிஃபிகேஷன் எனப்படும் கடன் திருத்தத்தை வாங்கித் தருகிற அதிகாரம் எந்த வழக்கறிஞருக்கும் கிடையாது. கடன் எந்த வகையைச் சேர்ந்தது, உங்கள் இன்றைய வருமானம் எவ்வளவு, கடனுக்குப் பின்னால் இருக்கும் முதலீட்டாளரின் விதிகள் என்ன என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. நல்ல வழக்கறிஞர் செய்வது, சட்டம் நாள் கணக்கில் வகுத்திருக்கும் பாதுகாப்புகளில் ஒன்றும் கைநழுவாமல் பார்த்துக்கொள்வதும், தவணை வசூலிக்கும் நிறுவனமான சர்வீசர் விதியை மீறும்போது எழுத்திலும் நீதிமன்றத்திலும் அதைத் தடுத்து நிறுத்துவதும் ஆகும். நாள்கள் மிச்சம் இருக்கும்போது போனால்தான் அவரால் இதைச் செய்ய முடியும்.

முதலில் நாள் கணக்கு

வீட்டுக் கடன் நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் ரெஸ்பா சட்டத்தின் கீழ் வரும் கூட்டாட்சி விதிகள் 2014 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளன. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே இவற்றின் முக்கியமான பாதுகாப்புகள் பொருந்தும் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வேலை நிமித்தம் வேறு ஊருக்குப் போய் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் தங்கள் நிலையைத் தனியாக விசாரித்துக்கொள்வது அவசியம். அந்த விதிகளின்படி, தவணை தவறிய 36 நாளுக்குள் சர்வீசர் உங்களோடு நேரடியாகப் பேச முயல வேண்டும். 45 நாளுக்குள் உதவித் திட்டங்களைப் பற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாக்கி 120 நாளைத் தாண்டும்வரை ஃபோர்க்ளோஷருக்கான முதல் அறிவிப்பையோ வழக்கையோ தொடங்கக் கூடாது.

இந்த 120 நாளுக்குள் கடன் திருத்தத்துக்கான முழுமையான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், அதைப் பரிசீலித்து முடிக்கும்வரை ஃபோர்க்ளோஷரைத் தொடங்கவே முடியாது. வழக்கு தொடங்கிய பிறகு கொடுத்தாலும், ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், சர்வீசர் 30 நாளுக்குள் அதைப் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை தீர்ப்புக் கேட்டு மனுப் போடவோ ஏலம் நடத்தவோ கூடாது. ஒரு கையால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு மறு கையால் வீட்டை ஏலத்துக்கு அனுப்பும் இரட்டை நடவடிக்கையைத் தடுப்பதற்காகவே இந்த விதி எழுதப்பட்டது.

இங்கேதான் நீங்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தாக வேண்டும். அதனால் மாதக் கணக்கில், சில இடங்களில் அதற்கும் அதிகமாக, அவகாசம் கிடைக்கிறது. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஏலம் நடந்துவிடும். இரண்டு மாநிலங்களிலும் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதான் ஏல நாள். டெக்சாஸில் ஏல அறிவிப்பை 21 நாள் முன்னதாகக் கொடுத்தாலே சட்டப்படி போதும். 37 நாள் இருக்க வேண்டும் என்ற விதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அறிவிப்பு கைக்கு வருகிற நாளிலேயே கூட்டாட்சிப் பாதுகாப்பின் கதவு மூடியிருக்கக்கூடும். ஏலத் தேதி குறிக்கப்படாத நிலையில் கொடுத்த முழு விண்ணப்பம், ஏலத்துக்கு 90 நாளுக்கு மேல் இருக்கும்போது கொடுத்ததாகவே கருதப்படும் என்பதால், டெக்சாஸ், ஜார்ஜியாவில் இருப்பவர்கள் முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்த வாரத்திலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.

யாரிடம் போவது

முதல் அழைப்பு வழக்கறிஞருக்குப் போக வேண்டும் என்பதில்லை. கூட்டாட்சி வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஹவுசிங் கவுன்சிலர்கள் ஃபோர்க்ளோஷர் தவிர்ப்பு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. 888-995-4673 என்ற எண்ணிலோ, 800-569-4287 என்ற ஹட் எண்ணிலோ அழைத்தால் உங்கள் பகுதியில் இருக்கும் ஆலோசகரைச் சொல்வார்கள். வரவு செலவுக் கணக்கைப் போடுவது, விண்ணப்பத்தை நிரப்புவது, உங்கள் அனுமதியோடு சர்வீசரிடம் பேசுவது ஆகிய வேலைகளை இவர்கள் நன்றாகவே செய்வார்கள். வழக்குக் காகிதம் வராதவரை, பாக்கி இரண்டு மாதத்துக்குள் இருக்கும்வரை, பல குடும்பங்களுக்கு இந்த உதவியே போதுமானது.

வழக்கறிஞர் கட்டாயம் தேவைப்படும் இடங்கள் என்று நான் கருதுபவற்றைச் சொல்கிறேன். நீதிமன்றச் சம்மனோ ஏலத் தேதியோ வந்துவிட்டது, நீங்கள் கட்டிய பணத்தைச் சர்வீசர் வரவு வைக்கவில்லை, கொடுத்த ஆவணங்களையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், விண்ணப்பம் மறுக்கப்பட்டது, கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட துணைவர் இறந்துவிட்டார், அல்லது விவாகரத்து நடக்கிறது, திவால் சட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் கவுன்சிலரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. துணைவர் இறந்து, கடன் அவர் பெயரில் மட்டுமே இருந்தால், வீட்டின் உரிமை உங்களுக்கு வந்ததைச் சான்றுகளோடு காட்டி, உரிமை வாரிசாகச் சர்வீசரிடம் பதிவு செய்துகொண்டு, உங்கள் பெயரிலேயே திருத்தத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ‘கணக்கு உங்கள் பெயரில் இல்லை, உங்களோடு பேச முடியாது’ என்ற பதிலோடு திரும்பிவிட வேண்டாம்.

பணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க முடியாதவர்களுக்கு லீகல் எய்ட் எனும் இலவச சட்ட உதவி அமைப்புகள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கின்றன. 1974-இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனின் நிதியைப் பெறும் அமைப்புகள், பொதுவாக வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 விழுக்காட்டுக்குள் இருப்பவர்களை ஏற்றுக்கொள்கின்றன. நம்மவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு நிபந்தனையும் உண்டு: இந்த நிதியைப் பெறும் அமைப்புகள் குடியுரிமை பெற்றவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில குறிப்பிட்ட பிரிவினருக்கும் மட்டுமே உதவ முடியும், ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஒரு லீகல் எய்ட் அலுவலகம் முடியாது என்று சொன்னால் மனம் தளராமல், வேறு நிதியில் இயங்கும் அமைப்புகளையும், சட்டக் கல்லூரிகள் நடத்தும் கிளினிக்குகளையும், வழக்கறிஞர் சங்கமான மாநில பார் அசோசியேஷனின் பரிந்துரைப் பிரிவையும் கேட்க வேண்டும். வேலை போன ஹெச்-1பி ஊழியருக்கு விசா விதி கொடுக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். வீட்டுக் கடன் விதி கொடுப்பது 120 நாள். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு, குடிவரவு வழக்கறிஞரும் ஃபோர்க்ளோஷர் வழக்கறிஞரும் தனித்தனியாகத் தேவைப்படலாம். ஒருவரே இரண்டையும் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நாளைக் கடத்த வேண்டாம்.

தனியார் வழக்கறிஞரை அமர்த்தினால், அவர் உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்றவரா, அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை மாநில பார் அமைப்பின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியவர் தரப்பில் எத்தனை ஃபோர்க்ளோஷர் வழக்குகளை நடத்தியிருக்கிறார், கட்டணம் மொத்தமா மணிக் கணக்கா, விண்ணப்பத்தை அவரே பார்ப்பாரா அலுவலக ஊழியர் பார்ப்பாரா, நீதிமன்றத்தில் ஆஜராவது கட்டணத்தில் அடக்கமா என்ற கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வீடு வாங்கியபோது பத்திரம் முடித்துக் கொடுத்த வழக்கறிஞர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இது வேறு துறை.

விண்ணப்பம்: ஒரே ஒரு நல்ல வாய்ப்பு

சர்வீசர் ஒரு முழு விண்ணப்பத்தை விதிப்படி பரிசீலித்து முடித்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் பாக்கி முழுவதையும் அடைத்து நிலுவையின்றி ஆகாதவரை, இரண்டாவது விண்ணப்பத்தை அதே பாதுகாப்புகளோடு பரிசீலிக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆகவே அவசரமாக எதையோ நிரப்பி அனுப்பிவிட்டு, மறுத்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்தானது. அனுப்புவதற்கு முன் கவுன்சிலரோ வழக்கறிஞரோ ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்கட்டும்.

பெரும்பாலும் கேட்கப்படுபவை, விண்ணப்பப் படிவம், வருமானம் குறைந்ததற்கான காரணக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள், இரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கைகள், வரிக் கணக்கு, வரி விவரத்தைப் பெற அனுமதிக்கும் 4506-சி படிவம், சொந்தத் தொழில் செய்பவரானால் லாப நட்டக் கணக்கு ஆகியவையாகும். கடனில் கையெழுத்திட்டிருக்கும் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கணவனோ மனைவியோ ஊருக்குப் போயிருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்காக வாரங்கள் போய்விடும். பயணத்துக்கு முன்பே அதிகாரப் பத்திரம் எழுதி, சர்வீசர் அதை ஏற்பாரா என்று கேட்டு வைத்துக்கொள்வது பின்னால் பெரிய அலைச்சலைத் தவிர்க்கும்.

‘உங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லை’ என்று வரும் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்கிவிடாமல், வரி வரியாகப் படியுங்கள். ஏலத்துக்கு 45 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விண்ணப்பம் கிடைத்திருந்தால், ஐந்து வேலை நாளுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தில் ‘வங்கி அறிக்கை’ என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கும். உண்மையில் விடுபட்டிருப்பது அறிக்கையின் நான்காவது பக்கமாக இருக்கலாம். அதில் ‘இந்தப் பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டுமே இருப்பதால் நீங்கள் ஸ்கேன் செய்யாமல் விட்டிருப்பீர்கள். 1/4, 2/4 என்று எண்ணிட்ட அறிக்கையில் 4/4 இல்லையென்றால் அது அவர்களுக்கு முழுமையற்ற ஆவணம்தான். வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் அனுப்புங்கள். பரிசீலனை இழுத்துக்கொண்டே போனால் சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் பழசாகி, புதியவற்றைக் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு மாதமும் புதிய அறிக்கை வந்தவுடன் கேட்காமலேயே அனுப்பிவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

காரணக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. எந்தத் தேதியில் என்ன நடந்தது, வருமானம் எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, இப்போது நிலைமை எப்படி மாறியிருக்கிறது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். பரிசீலிப்பவர் உங்கள் துன்பத்தின் ஆழத்தை அளப்பதில்லை; வரப்போகும் தவணையை உங்களால் கட்ட முடியுமா என்பதைத்தான் அளக்கிறார். எனவே வருமானத்தை மிகைப்படுத்தவும் வேண்டாம், குறைத்துக் காட்டவும் வேண்டாம். உண்மைக்குப் புறம்பாக எழுதுவது கூட்டாட்சிக் குற்றமாகும்.

எதை அனுப்பினாலும் தேதியோடு சான்று இருக்க வேண்டும். ஃபாக்ஸ் அனுப்பினால் உறுதிச் சீட்டு, தளத்தில் ஏற்றினால் ஸ்கிரீன்ஷாட், தபாலானால் சர்ட்டிஃபைடு மெயில் ரசீது. தொலைபேசியில் பேசினால் பேசியவரின் பெயர், அவருடைய ஊழியர் எண், நேரம், அவர் சொன்னது ஆகியவற்றை அன்றே ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். பின்னால் வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அந்த நோட்டுதான்.

சம்மன் வந்தால்

திருத்த விண்ணப்பம் போட்டிருக்கிறோமே, நீதிமன்றத்துக்கு எதற்குப் பதில் என்று நினைத்து வீட்டை இழந்தவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு பாதைகள். சம்மனுக்குப் பதில் மனு தாக்கல் செய்ய ஃபுளோரிடாவில் 20 நாள், இல்லினாயில் 30 நாள், நியூ ஜெர்சியில் 35 நாள். நியூயார்க்கில் சம்மன் சேர்ப்பிக்கப்பட்ட முறையைப் பொறுத்து 20 அல்லது 30 நாள். இந்தக் கெடு கடந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வழங்கக் கோரும் உரிமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடும். வழக்கறிஞர் உடனே கிடைக்கவில்லை என்றாலும், பதில் மனுப் படிவத்தை நீதிமன்ற உதவி மையத்திலோ லீகல் எய்டிலோ வாங்கி நீங்களே தாக்கல் செய்துவிடுங்கள். பின்னால் வரும் வழக்கறிஞர் அதைத் திருத்திக்கொள்வார்.

நியூயார்க்கில், வழக்குக்கு 90 நாள் முன்பே எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். வழக்கு தொடங்கிய பிறகு நீதிமன்றமே சமரசக் கூட்டத்துக்கு இரு தரப்பையும் அழைக்கும். இந்தக் கூட்டத்தில் சர்வீசர் தரப்பு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தக் கடமைப்பட்டது. அழைப்புக் கடிதம் வந்தால் எக்காரணம் கொண்டும் போகாமல் இருக்காதீர்கள். ஆங்கிலத்தில் சட்டம் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே நீதிமன்றத்திடம் கேட்கலாம். வீட்டிலிருக்கும் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதைவிட அது எல்லா வகையிலும் நல்லது.

வந்த சலுகையைப் படித்துப் பார்த்தல்

ஒப்புதல் கடிதம் வந்தவுடன் நிம்மதியில் கையெழுத்திட்டுவிடுவது இயல்புதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு: 6.5 விழுக்காடு வட்டியில் 300,000 டாலர் அசல் பாக்கி, இன்னும் 26 ஆண்டுகள், மாதத் தவணை வரியும் காப்பீடும் நீங்கலாக சுமார் 1,995 டாலர். ஆறு தவணை தவறியதால் நிலுவை ஏறக்குறைய 12,000 டாலர். இந்த நிலுவையை அசலில் சேர்த்து, வட்டியை மாற்றாமல், காலத்தை 40 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை சுமார் 1,827 டாலராகும். மாதம் 168 டாலர் குறைகிறது. ஆனால் கடைசிவரை கட்டினால் மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர் கூடுதலாகப் போகும். வீட்டைக் காப்பாற்ற அந்த விலையைக் கொடுக்க ஒரு குடும்பம் தெரிந்தே முடிவு செய்யலாம். தெரியாமல் செய்யக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2020, 2021-இல் 3 விழுக்காட்டுக்கு அருகில் கடன் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திருத்தத்தின்போது வட்டி இன்றைய சந்தை விகிதத்துக்கு மாறினால் தவணை குறைவதற்குப் பதிலாக ஏறிவிடக்கூடும். வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் அரசு ஆதரவு நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகியவற்றின் கடன்களில் தவறிய சில மாதத் தவணைகளை வட்டியில்லாமல் கடனின் இறுதிக்குத் தள்ளிவைக்கும் டிஃபரல் என்ற வழியும், அரசுக் காப்பீடு பெற்ற எஃப்.ஹெச்.ஏ. கடன்களில் நிலுவையை வட்டியில்லாத இரண்டாவது கடனாக ஒதுக்கிவைக்கும் பார்ஷியல் கிளெய்ம் என்ற வழியும் பழைய வட்டியைத் தொடாமல் விட்டுவிடும். வருமானம் திரும்ப வந்துவிட்டவர்களுக்கு இவையே பெரும்பாலும் மேலானவை. உங்கள் கடன் எந்த வகை என்பதைச் சர்வீசரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் தங்கள் தளங்களில் தேடிப் பார்க்கும் வசதியும் வைத்திருக்கின்றன. அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரி வரக்கூடும். கையெழுத்துக்கு முன் கணக்காளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பெரும்பாலான திருத்தங்களுக்கு முன் மூன்று மாத சோதனைத் தவணைக் காலம் வரும். அதில் ஒரு தவணை ஒரு நாள் பிந்தினாலும் சலுகை ரத்தாகலாம். தானியங்கிப் பணப் பரிமாற்றம் பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் குறிப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏலத்துக்கு 90 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது முழு விண்ணப்பம் போயிருந்தால், திருத்த மறுப்பை எதிர்த்து 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் மறுத்தவர் அல்லாத வேறொருவர் அதைப் பார்த்து 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வருமானத்தைத் தவறாகக் கணக்கிடுவது மறுப்புகளில் அடிக்கடி காணப்படும் பிழை. இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தை மாதம் இருமுறை என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு இரண்டு சம்பளம் காணாமல் போகும்.

விதி மீறலுக்கு, ‘நோட்டீஸ் ஆஃப் எரர்’ எனப்படும் பிழை அறிவிப்பை வழக்கறிஞர் மூலம் அனுப்பலாம். தவணை கட்டும் முகவரிக்கு அனுப்பினால் பயனில்லை. இதற்கென்று சர்வீசர் குறிப்பிட்டிருக்கும் தனி முகவரிக்கே போக வேண்டும். இதை அலட்சியப்படுத்தும் சர்வீசர் மீது ரெஸ்பா சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்து, ஏற்பட்ட இழப்பையும், வென்றால் நியாயமான வழக்கறிஞர் கட்டணத்தையும் கோரலாம். நல்ல சான்றுகள் இருந்தால், கையில் பணம் இல்லாதவரின் வழக்கைக்கூட ஒரு வழக்கறிஞர் எடுத்துக்கொள்ள இந்தக் கட்டண விதி வழிசெய்கிறது. அதே வேளையில், உங்களுக்குத் திருத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கூட்டாட்சி விதியும் சொல்லவில்லை. முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஏலம் நெருங்கிவிட்டால் திவால் சட்டத்தின் சாப்டர் 13 ஒரு வழி. மனுத் தாக்கலானவுடன் பெரும்பாலும் ஏலம் நிற்கும். நிலுவையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அடைக்கலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டின் மீதான முதல் கடனின் வட்டியையோ அசலையோ திவால் நீதிமன்றம் பொதுவாகக் குறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் நோபெல்மன் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நடப்புத் தவணையையும் நிலுவைத் தவணையையும் சேர்த்துக் கட்ட வருமானம் வேண்டும். இதைத் திவால் வழக்கறிஞர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

முன்பணம் கேட்பவர்கள்

ஃபோர்க்ளோஷர் வழக்குகள் பொதுப் பதிவேட்டில் இருப்பதால், வழக்கு பதிவான சில நாளில் அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் உறைகள் வரத் தொடங்கும். கடன் திருத்தம் வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனம், நீங்கள் ஏற்றுக்கொண்ட எழுத்துபூர்வமான சலுகையைக் கொண்டுவந்து தருவதற்கு முன் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது என்ற கூட்டாட்சி விதி 2011 முதல் இருக்கிறது. உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு: வாடிக்கையாளர் பணத்துக்கென்று வைத்திருக்கும் தனி டிரஸ்ட் கணக்கில் பணத்தை வைத்து, வேலை முடிந்த அளவுக்கே எடுக்க வேண்டும். இந்த விலக்கைப் பயன்படுத்திக்கொள்ள, ஒரு வழக்கறிஞரின் பெயரைப் பலகையில் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கும் கடைகளும் உண்டு. வழக்கறிஞரிடம் நேரில் பேச முடியவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

தவணையைச் சர்வீசருக்குக் கட்டாமல் எங்களிடம் கட்டுங்கள், சர்வீசரோடு பேசாதீர்கள், வீட்டின் பத்திரத்தைத் தற்காலிகமாக எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று எவர் சொன்னாலும், அவர் நம் மொழியில் அன்பாகப் பேசுபவராக இருந்தாலும், கோயிலிலோ சங்கத்திலோ தெரிந்தவராக இருந்தாலும், நம்பாதீர்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். உங்களை ஏமாற்றியவர் அடுத்த குடும்பத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

திருத்தம் இறுதியானதும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் இரண்டு மூன்று மாதக் கணக்கு அறிக்கைகளில் அசல், வட்டி, வரிக்கும் காப்பீட்டுக்கும் பிடிக்கும் எஸ்க்ரோ ஆகிய மூன்றும் ஒப்பந்தப்படி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வழக்கு நடந்த மாநிலமானால், வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டதற்கான உத்தரவையும், வீட்டின் மீது பதிவான வழக்கு நிலுவை அறிவிப்பு நீக்கப்பட்டதற்கான சான்றையும் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிய பிறகே அவருடைய கணக்கை முடியுங்கள்.